பெயின்டுக்கு அடியில்

ஸ்பூனில் இருந்த பாலை உதட்டருகே கொண்டுபோனபோது குழந்தைவேல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ராசப்பன் வண்டியா அது?"

வாசலில் லாரி வந்து நின்றதைச் சாரதாமணியும் கேட்டாள். சத்தத்தை வைத்தே அவர் வண்டியைச் சொல்லிவிடுவது இருபத்திரண்டு வருடமாகப் பழகிப்போனது. அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. நாமக்கல்லில் லாரிக்கு வயரிங் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டவளுக்கு, கடைசி நாளில்கூடப் புருஷன் தனியாகக் கிடைக்க மாட்டார் போலிருக்கிறது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். மதியம் ராசிபுரத்திலிருந்து அவளுடைய அண்ணன்மார் வருவார்கள்.

டிரைவர் ராசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். "அண்ணனைப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேனுங்க்கா."

"பொய் சொல்லாதடா," என்றார் குழந்தைவேல். மூச்சுதான் குரலாக வந்தது. "ரெண்டாவது பெட்டியும் போயிருச்சா?"

ராசப்பன் தரையைப் பார்த்தான். "ஆமாங்கண்ணா."

முன்பெல்லாம் பேட்டரிக்குப் போகும் கரண்டை அளந்துவிடும் கட்-அவுட் பெட்டியின் மூடியைத் திறந்தால், தொட்டு விலகும் பாயின்ட் உள்ளே தெரியும். உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்துவிடுவார். இப்போது வந்திருந்த எலக்ட்ரானிக் பெட்டிக்கு மூடியே கிடையாது. பேட்டரிக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும். ராசப்பன் வண்டியில் அது அளவுமீறி அனுப்பியது. பல்புகள் பொசுங்கின, பேட்டரி கொதித்தது. பெட்டி போச்சு, மாற்று என்று போன மாதம் சொன்னது குழந்தைவேல்தான். மாற்றினார்கள். மறுபடியும் அதே கோளாறு. 'கொழந்தைவேலுக்குக் கை போயிருச்சு' என்று லாரி முதலாளி பட்டறையில் சொன்னது படுக்கைவரை வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் அவர் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. 'எங்க உட்டேன்? எங்க உட்டேன்?' என்பதுதான் ராத்திரியெல்லாம்.

"வண்டியை ரேஸ் பண்ணிக்கிட்டே ஹாரன் அடி," என்றார்.

"ஏனுங்க, அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாங்க?" என்றாள் சாரதாமணி.

"செத்தா சங்கு ஊதுவாங்கல்ல? அதுக்கு மின்னால ஹாரன் ஊதட்டும் புள்ள."

ராசப்பன் போய் வண்டியில் ஏறினான். எஞ்சின் உறுமியது. சுவரும் தரையும் அதிர்ந்தன. கரண்ட் ஏற ஏற ஹாரன் சத்தமும் மேலே மேலே ஏறிக் கீச்சிட்டது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு விரலை உயர்த்தினார். ராசப்பனைக் கூட்டிவரச் சொன்னார்.

"சத்தம் நடுங்குதுடா. பெட்டி போயிருந்தா நடுங்காது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எப்.சி. காட்டறதுக்குப் பெயின்ட் அடிச்சீங்களா?"

"மாசியில அடிச்சமுங்க. உள்பக்கமெல்லாம் ரெண்டு கோட்டு, சும்மா கல்யாணப் பொண்ணாட்டம் இருந்துச்சுங்க."

குழந்தைவேல் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"அந்தப் பெயின்ட் மேலயே மொதப் பெட்டிய மாட்டுனது நாந்தாண்டா. ரெண்டாவதும் அதே எடத்துலதான். சுரண்டோணும்னு தோணல. பெட்டி இரும்பத் தொடாம எர்த் சரியாக் கெடைக்கல. பேட்டரி நெறஞ்சது அதுக்குத் தெரியல, இன்னும் பத்தலைன்னு அனுப்பீட்டே இருக்குது. பேட்டரி நெகட்டிவ்ல ஒரு வயரக் கட்டி, பெட்டி ஒடம்புல தொட்டுப் பாரு."

"நான் ஆக்ஸிலேட்டர மிதிக்கோணுமேங்கண்ணா. வயர ஆரு புடிக்கறது?"

குழந்தைவேல் அவளைப் பார்த்தார். "நீ போ, சாரதா."

அவருடைய சாமான் எதையும் அவள் இதுவரை தொட்டதில்லை. தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவளை ஒரு கரிக்கைக்காரனுக்குக் கொடுத்துவிட்டதாக அண்ணன்மார் சொல்வதை அவளும் பாதி நம்பியிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது, இந்த மனிதருக்குள் யோசிக்க என்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருக்கிறாள்.

பானெட்டுக்குள் அனல் அடித்தது. ராசப்பன் வயரைக் கட்டி நுனியை அவளிடம் கொடுத்தான். "பயப்படாதீங்க்கா. நல்லாப் புடிச்சீங்கன்னா உங்களுக்கும் ஒரு லைசென்ஸ் எடுத்தரலாம்." ஏறி உட்கார்ந்து மிதித்தான். ஹாரன் கீச்சிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வயரின் நுனியைப் பெட்டியின் விளிம்பில் வைத்தாள்.

சிறிய பொறி ஒன்று தெறித்தது. அலறிக்கொண்டிருந்த ஹாரன் சட்டென்று இறங்கி ஒரே சீராக ஒலித்தது.

ஒரு சுவருக்கு அப்பால், எழுந்து உட்கார முடியாமல் கிடக்கிற மனிதர், யாராலும் திறக்க முடியாத பெட்டியை விட்டுவிட்டு, பெயின்டுக்கு அடியில் இருந்த இரும்பைக் காதாலேயே போய்த் தொட்டிருக்கிறார். வயரை எடுத்தாள், கீச்சிட்டது. வைத்தாள், அடங்கியது. தேவையே இல்லாமல் மறுபடியும் எடுத்து வைத்துப் பார்த்தாள்.

உள்ளே ஓடினாள். "அடங்கிருச்சுங்க!"

"அது கேட்டுச்சு. பொறி வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"என்ன நெறம்?"

அவர் இதுவரை அவளிடம் இப்படி எதையும் கேட்டதில்லை. அவள் நின்று யோசித்தாள். தவறாகச் சொல்லிவிடக் கூடாது.

"நீலமுங்க. ஓரத்துல மட்டும் கத்திரிப்பூ நெறம்."

அவர் அவளையே பார்த்தார். "ஆமா," என்றார். "அப்படித்தான் இருக்கும்."

கட்டிலோரம் உட்கார்ந்து அவர் நெஞ்சில் கை வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே, பேட்டரி கொதிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க ராசப்பன் எஞ்சினை ஓடவிட்டிருந்தான். அந்த அதிர்வு தரை வழியாகக் கட்டில் காலில் ஏறியது. அவள் உள்ளங்கையின் கீழ் மெல்லிய நடுக்கம் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தாள்.

ராசப்பன் எஞ்சினை அணைத்தான்.

அவள் கையின் கீழ் நடுக்கமும் நின்றது.

அவள் கையை எடுக்கவில்லை. வாசலில் அவன் பெயின்டைச் சுரண்டத் தொடங்கும் சத்தம் கேட்டது.