மரகதத்துக்கு ஒரு டிக்கெட்

திண்டிவனத்தில் அந்தக் காவல் நிலையத்து வாசலில் நின்ற வேப்பமரத்தை வெனிலா பகல் பன்னிரண்டு மணிக்குள் நானூறு முறையாவது சுற்றியிருப்பாள். உள்ளே பெஞ்சு இல்லாமல் இல்லை. ஏட்டு அறிவுச்செல்வன் இரண்டு தடவை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. கால் ஆடியதில் பெஞ்சு ஆடியது, பெஞ்சு ஆடியதில் சுவரோரம் சாய்த்திருந்த லத்திகள் நான்கும் சரிந்து விழுந்தன. "நீ வெளியவே சுத்தும்மா, கட்டடமாவது மிஞ்சட்டும்" என்று அவரே அனுப்பிவிட்டார்.

கால் ஆடாமல் என்ன செய்யும்? வெனிலா, முகையூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கப் போகும் தொம்மையின் மூத்த மகள். இங்கே விடுதியில் தங்கிக் கல்லூரி கடைசி வருஷம் படிக்கிறாள். போலீஸ் வேலைக்கு எழுதி, ஓடி, தாண்டி, பந்தெறிந்து எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: அடுத்த வாரம் விழுப்புரத்திலிருந்து வந்து இவள்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று விசாரிப்பார்கள். இத்தனை வருஷம் ஒரு எறும்புகூடப் புகார் சொல்லாத பெண்மேல், இன்றைக்குப் பார்த்து, ஜவுளிக்கடை அப்பாதுரை மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்திருந்தார்.

செல்போனில் அம்மா இருதயசெல்வி ஏழாவது தடவையாக அழுதாள். "போலீசாப் போவேன்னு பாத்தா, போலீசு புடிச்சினு போயி ஒக்கார வெச்சிக்கீதேடி ஒன்ன!"

"ஒக்காரலம்மா, நின்னுக்கினுதான் கீறேன்."

"வாய் மட்டும் கொறையல பாரு!"

நடந்தது இதுதான். பெண்களுக்குக் கட்டணமில்லாத விழுப்புரம் பஸ்ஸில் தென்னரசு என்று ஒரு கண்டக்டர். பெண்கள் முகத்தைப் பார்ப்பது என்பது அவர் சர்வீஸிலேயே கிடையாது. மெஷினில் கிழித்த டிக்கெட்டை நீட்டிய கையில் வைப்பார், "ஓசி" என்று முனகுவார், அடுத்த கைக்குப் போய்விடுவார். நேற்று வெனிலா சொன்னாள்: "பொம்மை கைய நீட்டுனாகூட குடுத்துடுவாரு." வகுப்புத் தோழன் பிரவீன்குமார், "குடுத்துட்டா ஒனுக்கு நான் பரோட்டா வாங்கித் தரேன்" என்றான். பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே அப்பாதுரையின் ஜவுளிக்கடை. வாசலில் வான்நீலப் பட்டுப்புடவை கட்டி, வலது கையை நீட்டி, ஊரையே உள்ளே வரச்சொல்லி நிற்கும் பொம்மை ஒன்று. இதற்கு மேல் யார்தான் சும்மா இருப்பார்கள்?

காலை ஒன்பதரைக்கு வெனிலா பொம்மையைத் தோளில் போட்டாள், பிரவீன்குமார் காலைப் பிடித்தான், முட்டி மடங்குகிற பொம்மை என்பதால் ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்தார்கள். தென்னரசு வந்தார். நீட்டிய கையில் டிக்கெட்டை வைத்தார். "ஓசி" என்றார். போய்விட்டார். பின்சீட்டுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸுக்கு ஸ்டார்ட்டர் தேவைப்படவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் பொம்மையோடு இறங்கி, கொண்டுபோய் வைத்துவிடுவது என்பது திட்டம். ஆனால் அன்று கிருத்திகை. மயிலம் முருகன் கோயிலுக்குப் போக அந்த நிறுத்தத்தில் நின்ற கூட்டம் உள்ளே பாய்ந்த வேகத்தில் இவர்கள் இரண்டு பேரும் பின்வாசல் வழியாகப் பிதுங்கி ரோட்டில் விழுந்தார்கள். பொம்மையோடு பஸ் போயே போய்விட்டது. பிரவீன்குமார், பிரம்மதேசத்தில் சித்தப்பாவுக்கு ரொம்ப சீரியஸ் என்று சொல்லி செல்போனை அணைத்துவிட்டான். ஜவுளிக்கடை கேமராவில் வெனிலாவின் முகம் மட்டும் தேர்தல் போஸ்டர் போலத் தெளிவாக விழுந்திருந்தது.

"கடத்தல்னு போடுங்க சார்" என்றார் அப்பாதுரை, ஏட்டின் மேஜையைத் தட்டி.

"பொம்மையக் கடத்துனதுக்கு செக்‌ஷன் இல்லண்ணே. திருட்டுன்னு வேணா போடலாம்."

"அது பொம்மையா உங்களுக்கு? பேரு மரகதம். கடை தெறந்த அன்னிக்கி வந்தவ. தெனம் அவ மூஞ்சில முழிச்சுத்தான் சாவியையே தொடறேன்."

வெனிலா வாசற்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "வெளையாட்டுக்குத்தான் சார் பண்ணோம். தப்புதான்" என்றாள்.

"வெளையாட்டுன்னா ஒன் பொருள வெச்சி வெளையாடு பாப்பா. என் பொருள எதுக்குத் தொடற?"

தேர்வில் நூற்றுக்கு எழுபது வாங்கியவளுக்கு இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை.

அறிவுச்செல்வன் அவளைத் தனியே கூப்பிட்டார். "இப்போதிக்கு மனு ரசீதுதான் போட்டுக்கீறேன், கேஸ் இன்னும் போடல. இன்ஸ்பெக்டர் ஐயா மீட்டிங் முடிஞ்சி அஞ்சு மணிக்கு வருவாரு. இவரு வாபஸ் வாங்கலன்னா எஃப்ஐஆர். அது விழுந்துச்சுன்னா ஒன் வேல காலி. ஜல்தியா போயி அந்தப் பொம்மையக் கொண்டா."

விழுப்புரம் போகும் வழி முழுக்க வெனிலா உட்காரவில்லை. காலி சீட்டு நான்கு இருந்தும் படிக்கட்டுக்கும் டிரைவருக்கும் நடுவே நடந்தே போனாள். கணக்குப் பார்த்தால் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு அவள் நடந்தே வந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். பஸ் கூடவே வந்தது, அவ்வளவுதான்.

விழுப்புரம் பஸ் நிலையத்து டீக்கடையில் அவள் பொம்மையைப் பற்றிக் கேட்டதும் தென்னரசு டீ டம்ளருக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். "ஒன் வேலைதானா அது? எல்லாரும் எறங்கிட்டாங்க, அது மட்டும் எறங்கல. 'யம்மா, கடைசி ஸ்டாப்பு'ன்னு தோளத் தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு. எனுக்கு உசுரே போயிடுச்சு! பொம்மைக்கு டிக்கெட் குடுத்தேன்னு டிப்போல தெரிஞ்சா மானம் போவும். அதான் லேடீஸ் பெஞ்சுல வெச்சிட்டு வந்துட்டேன்."

மரகதம் பெஞ்சில், ஏழு பெண்களுக்கு நடுவே, கை நீட்டியபடி வீற்றிருந்தாள். இரண்டு பேர் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் ஒரு மல்லாட்டை மூட்டை. வெனிலா ஓடிப்போய் பொம்மையை இடுப்பில் அணைத்துத் தூக்கினாள். மூட்டை சரிந்தது.

"ஏய், திருடி! வுட்றீ மூட்டைய!" என்று கழிப்பறைப் பக்கமிருந்து ஒரு அம்மாள் பறந்து வந்தார். பேர் குப்பம்மாளாம். "அந்தப் பொம்பளகிட்ட பாத்துக்கோன்னு வுட்டுட்டுப் போனேன். அதையும் சேத்துத் தூக்கறியே, நீ இன்னா பொண்ணு!"

"யம்மா, இது பொம்மைம்மா."

குப்பம்மாள் மரகதத்தின் கன்னத்தைத் தட்டிப்பார்த்தார். டொக் டொக். "இருந்தா இன்னா? நம்பி வுட்டதுக்கு ஒரு கொட்டை கொறையல. கண்ணு கொட்டாம பாத்துக்கிச்சு. நீங்கல்லாம் மனுசங்களாட்டம் இருந்துக்கினு தூக்கினு ஓடறீங்க."

'திருடி' என்ற சொல் வெனிலாவின் காதில் வண்டு போலப் புகுந்து திண்டிவனம் வரை குடைந்தது. திரும்பும்போது காலையில் ஏறிய அதே பஸ், அதே தென்னரசு. இப்போது ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பாஸ்போர்ட் அதிகாரி மாதிரி உற்றுப் பார்த்து, "அம்மா, நீங்கதானே?" என்று உறுதி செய்துகொண்டு டிக்கெட் கொடுத்தார். மரகதத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

மூன்றரைக்கு நிலையத்தில் பொம்மையை இறக்கி வைத்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் வெனிலா நினைத்தாள். அப்பாதுரை தன் மரகதத்தைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. புடவையில் நூல் பிரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "கேஸ் கேஸ்தான்" என்றார். "திருப்பிக் குடுத்துட்டா எடுத்தது இல்லேன்னு ஆயிடுமா? இன்னிக்கி இவளச் சும்மா வுட்டா, நாளைக்கி என் கல்லாப்பெட்டிய பஸ்ஸுல ஏத்துவானுங்க."

"அப்ப சரி" என்றார் ஏட்டு. "ஐயா வந்து முடிவெடுக்கற வரைக்கும் பொம்மை இங்கதான் இருக்கணும். கேஸ்னு ஆயிட்டா இது தொண்டிப் பொருள், கோர்ட்டுக்குப் போவற சாட்சி." மரகதத்தைத் தூக்கி, பின்கட்டில் துருப்பிடித்த பைக்குகளுக்கும் சாராய கேன்களுக்கும் நடுவே நிறுத்திவிட்டு வந்தார்.

வெனிலா வெளியே வந்தாள். அழுகைகூட ஓரிடத்தில் நிற்காமல், வருவதும் போவதுமாக இருந்தது. கால் தன்பாட்டுக்கு ஜவுளிக்கடைப் பக்கம் போயிற்று.

கடை வாசலில், பொம்மை நின்ற இடத்தில், பச்சைப் பட்டு கட்டி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கடையில் வேலை பார்க்கும் வேணி. காலையில் வாசல் வெறிச்சென்று இருக்கக்கூடாதென்று முதலாளி அவளுக்குப் புடவை கட்டவைத்து நிறுத்தியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"நீதான அது? கேமராவுல பாத்தேன்."

"ஆமாக்கா."

"அது காணும்னதும் மொதல்ல எம்மேலதான் சந்தேகப்பட்டாரு. கஸ்டமருங்க முன்னால என் பையக் கொட்டித் தேடுனாங்க. சோத்து டப்பாவ வரைக்கும் தொறந்து பாத்தாங்க. கேமராவ அப்பறந்தான் போட்டுப் பாத்தாரு." வேணி கண்ணை மட்டும் திருப்பினாள். "பொம்மைக்கு ஒண்ணும் ஆவலன்னு ஊரே பேசிக்குது. நான் பத்து மணிலேர்ந்து நிக்கிறேன்."

காலையிலிருந்து ஏட்டிடமும், அப்பாதுரையிடமும், அம்மாவிடமும், மாதாவிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தாள் வெனிலா. இவளிடம் கேட்கத் தோன்றவே இல்லை. இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது.

"மன்னிச்சிடுக்கா. நீ எறங்கு. நான் நிக்கிறேன்."

"ஒன்னால நிக்க முடியுமா? வந்ததுலேர்ந்து தையதக்கான்னு ஆடிக்கினு கீற."

"நீ போயி ஒக்காருக்கா. டீ குடி."

பத்து நிமிஷத்தில் பச்சைப் பட்டோடு வெனிலா பலகைமேல் நின்றாள், வலது கையை நீட்டி. உலகத்தில் அவள் தேறிய பரீட்சைகளிலேயே கடினமானது இதுதான். முதல் நிமிஷத்தில் மூக்கில் ஈ உட்கார்ந்தது. அது அங்கேயே குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் போனது. ஒரு அம்மாள் முந்தானையை இழுத்துப் பார்த்து, "துணி நல்லாத்தான் கீது, பொம்மை மூஞ்சிதான் அழுமூஞ்சி" என்றாள். கால் மரத்தது. உள்ளே மட்டும் எதுவும் நிற்கவில்லை. நாளைக்கு நாமே ஏட்டாக இருந்து, ஒரு பக்கம் அப்பாதுரையும் இன்னொரு பக்கம் இந்த வேணியும் வந்து நின்றால், நம்மைப் போன்ற ஒருத்திமேல் என்ன எழுதுவோம்? எழுதவும் கை வரவில்லை, கிழிக்கவும் கை வரவில்லை. மணிக்கூண்டு தெரியாத இடம். ஐந்து ஆகிவிட்டதா? இன்ஸ்பெக்டரின் ஜீப் தெருவைக் கடந்து போனது.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாதுரை வந்தார். வெனிலா கழுத்தைத் திருப்பவில்லை, ஓரக்கண்ணில்தான் தெரிந்தது. தோளில் வான்நீலம். அதிலிருந்து நீண்ட ஒரு கை, தெருவில் போவோர் வருவோரையெல்லாம் கடைக்கு அழைத்தபடி வந்தது. அவள் மூச்சே அப்போதுதான் வெளியே வந்தது.

"அந்த சாராய கேனுங்க நடுவுல என் மரகதம் வருசக்கணக்குல கெடப்பாளாம்!" என்று கடைக்குள் பார்த்துக் கத்தினார் அப்பாதுரை. "கோர்ட்டு சொன்னாத்தான் வெளிய வுடுவாங்களாம். யாருக்கு வேணும் அந்த பேஜாரு? வாபஸ்னு எழுதிக் குடுத்துட்டு தூக்கினு வந்துட்டேன். ஏ வேணி, எறங்கு, இவள நிறுத்து."

"நான் இங்க கீறேன்" என்றாள் வேணி, உள்ளே நாற்காலியில் இருந்து, டீ டம்ளரோடு.

அப்பாதுரை பலகைமேல் நின்றவளை ஏறிட்டுப் பார்த்தார். வெனிலா அசையவில்லை. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

"புடவையில படப்போவுது, தொடச்சிக்கோ" என்றார்.

"அக்கா டீ குடிச்சி முடிக்கட்டும் சார்."

வேணி டம்ளரை வாயருகே கொண்டுபோனாள், ஊதினாள், ஆறட்டும் என்று மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாதுரை மரகதத்தைத் தோளில் சுமந்தபடியே வாசலில் காத்து நின்றார்.