பசையம்மாவின் சமரசம்

குடும்பநல நீதிமன்றத்துச் சமரச மையத்தில் அந்த அம்மாளைப் பசையம்மா என்றுதான் சொல்வார்கள். எப்பேர்ப்பட்ட குடும்பத்தையும் ஒட்டவைத்துவிடுவாராம். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கணவனை ஓர் அறையிலும் மனைவியை இன்னோர் அறையிலும் உட்காரவைத்து, நடுவே தானே நடந்து பேச்சைச் சுமப்பார்.

அன்றைக்கு வந்தவள் தையல்காரி. வலது கையில் மாவுக்கட்டு. கையை உடைத்த புண்ணியவான் அடுத்த அறையில் இருந்தான், வெல்டர்.

"விவாகரத்தும் பாப்பாவும் போதும்மா. பக்கத்துல மரம் அறுக்கிற சத்தத்துல பாப்பா தூங்கவே மாட்டேங்குது, அதுகூடப் பரவாயில்ல. நாங்க தங்கியிருக்கிற இடம் மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது," என்றாள். பசையம்மா வாக்குக் கொடுத்தார்.

வெல்டர் நாற்காலியைச் சுவரில் அடித்து நொறுக்கினான். "எம் பொண்ணு எங்கே?" என்று பசையம்மாவின் கழுத்துக்கே கையைக் கொண்டுவந்தான். அவனை எப்படியாவது ஆற்ற வேண்டுமே என்று அவர் பிள்ளைப் பாசத்தை எடுத்துவிட்டார்.

"பாப்பா நல்லா இருக்காப்பா. பக்கத்துல மரம் அறுக்கிற சத்தத்துலதான் தூக்கம் வரலையாம்."

அவன் சட்டென்று அடங்கினான். "சரிங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

பசையம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த அறைக்கு ஓடி, தன் சாமர்த்தியத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். தையல்காரி துள்ளி எழுந்தாள்.

"அடிப் பாவி! மர மில்லுகிட்ட இருக்கிறது என் நாத்தனார் வீடு. அவரோட கூடப்பிறந்த தங்கச்சி. அங்க தேடவே மாட்டாருன்னுதானே பாப்பாவோட அவ வீட்டுல தங்கியிருந்தேன்!"

அவன் அறை காலியாக இருந்தது.

போலீசுக்குப் போன் போட்டுவிட்டு, இருவரும் வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கதவு பெயர்ந்து கிடந்தது. நாத்தனார் மண்டை உடைந்து வாசலில் சரிந்திருந்தாள். வெல்டர் பாப்பாவைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்துகொண்டிருந்தான். பசையம்மா பழக்கதோஷத்தில், "உட்கார்ந்து பேசலாம்ப்பா," என்று ஆரம்பித்தார். அவன் கன்னத்தில் விட்ட அறையில் அவருடைய பல் தெறித்தது.

தையல்காரி பேச்சுக்கே போகவில்லை. அவன் உடைத்த அதே கையை, கட்டோடு சேர்த்து, அவன் மூஞ்சியில் ஓங்கி இறக்கினாள். கட்டு பிளந்தது. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான். பாப்பா ஓடிவந்து பசையம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அவன் எழப் பார்த்தான். கை நீட்டக் கூடாது என்று ஊருக்கெல்லாம் ஓதிவந்த பசையம்மா, வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கத்தினார்.

"எழுந்திருக்க விடாதடி! இன்னொண்ணு போடு!"