பின்பக்கம் இல்லாத தாள்

1994 அக்டோபர் பதினைந்து, சனிக்கிழமை மாலை ஏழு மணி இருபது நிமிடத்திலிருந்து டௌவேயின் முதுகு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. முன்பக்கம் குறைவின்றி இருந்தது: இருமுறை உடைந்து கூடிய மூக்கு, மணல் நிறப் புருவம், மார்பில் பச்சை குத்திய நங்கூரம். பின்னால் நின்றவர்களுக்கு மட்டும் அவனுக்கு அப்பால் இருந்தவை தெரிந்தன. துறைமுகம் தெரிந்தது, தீவுக்குப் புறப்படும் படகு தெரிந்தது. சட்டை அணிந்தால் அதன் பின்பாதியும் மறைந்தது. கழற்றினால் திரும்பி வந்தது. ஹார்லிங்கன் ஊர் இதற்குப் பழகப் பதினொரு நாள் பிடித்தது. அதற்குள் ரொட்டிக்கடை வரிசையில் இருவர் அவன்மேல் மோதினார்கள்; ஒரு பெண் தள்ளுவண்டியை அவன் குதிகாலில் ஏற்றிவிட்டு, வரிசையில் இடம் காலியாகத்தான் இருந்தது என்று வாதிட்டாள்.

காரணம் அவனுடைய அக்கா ஃபெம்கேவுக்குத் தெரியும். இறால் தரம் பிரிக்கும் கொட்டகையில் மேற்பார்வை பார்த்தவள் அவள். அந்தச் சனிக்கிழமை தம்பியின் போட்டியைப் பார்க்க லீவார்டன் நகர அரங்கில் முதல் வரிசையில் இருந்தாள். கிக் பாக்ஸிங்கில் முதுகில் அடிப்பது குற்றம். எதிராளி ரூபனின் உதையோ பக்கவாட்டில் தொடங்கி, வளைந்து, டௌவேயின் இடப்புறக் கடைசி விலா எலும்புக்குக் கீழே, முதுகில் முடிந்தது. மூன்று முறை முடிந்தது. நடுவர் லாம்பெர்ட் டௌவேக்கு முன்னால் நின்றிருந்தபடியால் தொடக்கங்களை மட்டும் பார்த்தார். போட்டிக்குப் பின் டாக்டர் ரெய்ண்டர்ஸ் காயத்தாளை எடுத்தார். அதில் அச்சிட்டிருந்த மனித உருவத்துக்கு முன்பக்கம் மட்டுமே உண்டு. தாளை வடிவமைத்த காலத்தில் பின்பக்கமும் வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். முதுகில் அடிப்பது தடைசெய்யப்பட்டது, தடைசெய்யப்பட்டது நடவாது, நடவாததைக் குறிக்க இடம் தேவையில்லை என்று கிக் பாக்ஸிங் சங்கம் முடிவு செய்தது. டாக்டரின் பேனா அந்த உருவத்தின் மேல் சற்று நேரம் அலைந்தது. பிறகு, காயம் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார். அப்போது மணி ஏழு இருபது.

அன்றிரவு டௌவேயின் சிறுநீர் கறுத்த சிவப்பாக இருந்தது. மூன்று வாரத்தில் இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். அறுவை மருத்துவர் கண்ணுக்குத் தெரியாத முதுகைக் கையால் தடவியே வேலையை முடித்தார். சட்டைப்பைக்குள் கையை விட்டுப் பொத்தான் தைப்பதைவிடக் கடினமாக இல்லை என்றார். ரூபனுடனான மறுபோட்டி மார்ச்சில் குறிக்கப்பட்டிருந்தது. காயத்தாளின் உருவத்தில் அடிபட்ட இடத்தைக் காட்டும் ஒரு பெருக்கல் குறி இருந்தால் ஓராண்டு மேடை ஏற முடியாது. குறி இல்லாதவன் தகுதியுள்ளவன். மருத்துவமனைக் கடிதத்தைச் சங்கம் நன்றியுடன் பெற்றுக்கொண்டு கோப்பில் வைத்தது. ஃபெம்கேவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு குறிதான்.

"ஒரே ஒரு குறி டாக்டர். இடமில்லைன்னா ஓரத்துல போடுங்க."

"ஓரத்துல போட்டா அது காகிதத்துக்குப் பட்ட அடிம்மா, உன் தம்பிக்குப் பட்டது இல்ல."

"அப்போ வயித்துல போடுங்க."

"வயித்துல அடியே படலையே. நான் பொய் எழுத மாட்டேன்." அவர் நேர்மையானவர். அதில் யாருக்கும் ஐயம் இல்லை.

ஜனவரியில் அவள் சங்கக் கூட்டத்துக்கே போனாள். காபியும் ஆளுக்கொரு பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

"முதுகுல அடிச்சிருந்தா நான் பார்த்திருப்பேன்," என்றார் லாம்பெர்ட். "நான் பார்க்கல."

"நீங்க எங்க நின்னீங்க?"

"முன்னாடி."

"முன்னாடி நின்னா முதுகு எப்படிங்க தெரியும்?"

"தெரியாது. அதான் சொல்றேனே, நான் பார்க்கல."

பயிற்சிக்கூடத்தில் டௌவேயைக் கேலி செய்தார்கள். "உனக்கென்னடா பயம்? உன் முதுகுல அடிக்கிறவன் முதல்ல அதைத் தேடிக் கண்டுபிடிக்கணுமே!" அவனும் சிரித்தான். விதிகளை நம்பிய மனிதன் அவன். நடுச்சாமத்திலும் சிவப்பு விளக்குக்குச் சைக்கிளை நிறுத்துவான்.

"போகாதடா," என்றாள் ஃபெம்கே. "ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

"முதுகுல அடிக்கக் கூடாதுக்கா. சட்டம் இருக்கு."

"போன தடவையும் இருந்துச்சு."

"போன தடவை தவறிப் பட்டிருக்கும்," என்றான் டௌவே, கையில் துணிப்பட்டை சுற்றியபடி.

மார்ச் மறுபோட்டியின் இரண்டாம் சுற்றில், ரூபனின் கால் டௌவேயைச் சுற்றிப் போய்க் கணுக்கால் வரை காணாமல் போனதை நானூறு பேர் பார்த்தார்கள். ஈரச் சாக்கைத் தரையில் போட்டது போன்ற ஓசை கேட்டது. லாம்பெர்ட் இம்முறை ஒழுங்காகப் பின்பக்கம் வந்துதான் நின்றிருந்தார். அவருக்குத் தெரிந்தது வெறும் மேடைக் கயிறும் அதற்கப்பால் பார்வையாளர்களும். டாக்டர் காயம் இல்லை என்று எழுதினார். ஏப்ரல் முதல் டௌவே வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் அருகில் படுத்திருக்கிறான்.

இரண்டாண்டு கழித்துச் சங்கம் புதிய தாள் அச்சிட்டது. டாக்டரே அதைக் கொண்டுவந்து ஃபெம்கேவிடம் காட்டினார். அதில் இரண்டு உருவங்கள்: ஒன்று முன்பக்கம், ஒன்று பின்பக்கம். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டாம் உருவத்தின் கீழிருந்த சிறிய எழுத்தை வாசித்தாள். இப்பகுதியில் அடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது, குறிகள் ஏற்கப்படமாட்டா.

"படம் நல்லா போட்டிருக்காங்க," என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் மேசைமேல் மறந்துவிட்டுப் போன பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஊர் இப்போது ரொட்டிக்கடை வரிசையில் டௌவேக்குப் பின்னால் ஒரு முழம் இடம் விட்டு நிற்கிறது, விடாதவர்கள் வெளியூரார். ஞாயிறுதோறும் குளித்தபின் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, விரலால் தடவி இரண்டு இடங்களையும் கண்டுபிடித்து, ஃபெம்கே அந்தப் பேனாவால் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாகப் பெருக்கல் குறி போடுகிறாள். மை தெரிவதில்லை. திங்கட்கிழமை கழற்றும் சட்டையின் உட்புறத்தில் இரண்டும் தெளிவாக இருக்கின்றன. வெந்நீரில் துவைத்தால் போய்விடுகின்றன.