சொடக்கு

மனிதக் கை எழுப்பும் ஓசைகளிலேயே உதவாக்கரையானது சொடக்குதான். நன்றாக யோசித்துவிட்டே சொல்கிறேன். கைதட்டினால் ஒரு கொசுவாவது சாகும். கதவைத் தட்டினால் யாராவது திறப்பார்கள். சொடக்குப் போட்டால் நாய்கூட வராது. எங்கள் மினசோட்டா மாநில நாய்களுக்குச் சுயமரியாதை அதிகம்.

எங்கள் கல்லூரி நையாண்டி இதழில் போன வாரம் இதை அரைப்பக்கத்துக்கு எழுதியிருந்தேன். ஏப்ரல்தோறும் நூலகப் படிகளில் ஒரு கூட்டம் நடக்கும். பெண்கள் ஒவ்வொருவராக ஏறி, தங்களுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்வார்கள். கேட்பவர்கள் கைதட்டக்கூடாது, சொடக்குத்தான் போட வேண்டும். பட்டென்ற கைதட்டல் சத்தம் பாதிக்கப்பட்டவர்களை அதிரவைக்கும் என்பதால் அங்கே அது வழக்கம்.

கட்டுரைக்கு, சொடக்குப் போடும் தாடிக்காரன் ஒருவனைப் படமாக வரைந்தவள் பிரிட்டா.

"டேய் எம்மெட், இந்தத் தாடிக்காரனுக்கு எத்தனை விரல் போடட்டும்?"

"ஆறு போடு. ஆதரவு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்."

சிரித்துக்கொண்டே ஆறு போட்டாள். படம் அச்சுக்குப் போன பிறகு கேட்டாள்: "நூலகக் கூட்டத்துக்கு வர்றியா?"

"எதுக்கு? அடுத்த இதழுக்கு ஜோக் பொறுக்கவா?"

"வாடா. வாயை மூடிக்கிட்டு நில்லு, போதும்."

கூட்டத்தன்று நண்பகலிலும் பனி தூறிக்கொண்டிருந்தது. மாணவர் நலத் தலைவர் ஹால்வர்சன் முன்வரிசையில் காபிக் கோப்பையோடு நின்றார். இரண்டு பெண்கள் பேசி முடித்தார்கள். சட்டியில் சோளம் பொரிவதுபோலச் சொடக்குகள் விழுந்தன. நான் கையுறைக்குள் கையைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

மூன்றாவதாகப் படியேறியவள் பிரிட்டா. கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"போன அக்டோபர்ல ஹாக்கி பசங்க வீட்டுல பார்ட்டி. மாடி ரூம்ல ஒருத்தன் கதவைச் சாத்தினான். வேணாம்னு சொன்னேன். அழுதுகிட்டேயும் சொன்னேன். காலேஜ் விசாரிச்சுது. நடந்தது உண்மைன்னு ஒத்துக்கிச்சு. அவனுக்கு மூணு ஆட்டம் தடை போட்டாங்க. இப்ப உயிரியல் லேப்ல எனக்கு நேர் எதிர் மேஜையில உட்கார்றான். அவனைக் காலேஜைவிட்டு அனுப்புங்கன்னு நான் கேக்கவே இல்ல. மேஜையை மாத்துங்கன்னுதான் கேட்டேன். ஜனவரியில இருந்து கேக்குறேன்."

அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்து ஹால்வர்சன் கோப்பையைக் கீழே வைத்தார். பட்டமளிப்பு விழாவில் தட்டுவதுபோல, தோல் கையுறை போட்ட கைகளால் பட் பட்டென்று தட்டினார்.

பிரிட்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். தொப்பி படியில் உருண்டது.

"கை தட்டாதீங்க சார்!" என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"ஐயோ, மன்னிக்கணும். மனசு நெகிழ்ந்துபோச்சு. பிரிட்டா, உன் தைரியம் இந்தக் காலேஜுக்கே பெருமைம்மா."

பிரிட்டா கம்பியைப் பிடித்தபடியே கேட்டாள்: "மேஜை சார்?"

"பரிசீலனையில இருக்கும்மா. செமஸ்டர் பாதியில மாத்த விதியில இடமில்ல."

"இன்னைக்கு ரெண்டு மணிக்கு லேப் சார்."

அவர் காபியை எடுத்துப் பார்த்தார். அது ஆறியிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட நேரத்தில் எனக்குள் நாலைந்து ஜோக்குகள் வரிசை கட்டி நிற்பது வழக்கம். ஒன்றைக்கூடக் காணோம். நான் அந்த லேப்பில் இல்லை. விதியை மாற்றும் பதவியிலும் இல்லை. ஹாக்கி ஆடுகிறவனை அடிக்கிற உடம்பும் எனக்கு வாய்க்கவில்லை. தொப்பியை எடுத்து நீட்டினேன். பிரிட்டா பனியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, உயிரியல் கட்டடத்தைப் பார்த்து நடந்தாள். எல்லோரும் சொடக்குப் போட்டார்கள்.

நான் கையுறையைக் கழற்றினேன். விரல்கள் விறைத்திருந்தன. சொடக்குப் போட்டுப் பார்த்தேன், சத்தம் வரவில்லை.

வாயால் ஊதிச் சூடாக்கிக்கொண்டு மறுபடி சொடக்கினேன்.