தராசு இருக்கிற வீடு

இலஞ்சியில் அந்தத் தெரு ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அப்புறம் முருகனே மயிலை விட்டு இறங்கி வந்து சொன்னாலும் மாற்றிக்கொள்ளாது. ஆனந்தவள்ளி நகை பிடித்து வட்டிக்கு விடுகிறாள் என்று தெரு முடிவு செய்து ஒன்றரை வருடம் ஆகிறது.

சாட்சி இல்லாமல் ஒன்றுமில்லை. புருஷன் செல்லச்சாமி எல்லைப் படையில்; மாதம் பிறந்தால் சம்பளம். மாதா மாதம் கூரியரில் கனத்த பெட்டி ஒன்று வரும். வாங்கிய கையோடு கதவைச் சாத்திவிடுவாள். பொங்கல், கொழுக்கட்டை என்று யாராவது தட்டில் கொண்டுவந்தால், "பிள்ள சாப்பிட மாட்டா, வேண்டாங்க" என்று அப்படியே திருப்புவாள். இரண்டு தடவை திருப்பினாள். மூன்றாம் தடவை யாரும் கொண்டுவரவில்லை. கழுத்தில் செயின் கிடையாது, வெறும் மஞ்சள் கயிறு. "இருக்கது வெளிய தெரியக்கூடாதுன்னு வேசம் போடுதா" என்றாள் எதிர்வீட்டு மாடத்தி. இத்தனைக்கும் மேலே, அடுப்படி ஜன்னல் வழியாகத் தெரிந்த தராசு. நகைக்கடையில் இருக்குமே, எண் மின்னுகிற சின்னத் தராசு. அதை வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை வேறு என்ன செய்வாள்?

இந்தப் பேச்சு ஆனந்தவள்ளிக்கு மட்டும் தெரியாது. அவளிடம் வந்து சொல்ல ஆள் வேண்டுமே! ஒரு நாளில் அவள் பேசுவது நாலு வயது மகள் சண்முகப்பிரியாவிடம். சாயங்காலம் டவர் கிடைத்தால் செல்லச்சாமியிடம். கூரியர்க்காரர் வரும் நாளில் "கையெழுத்து இங்கன போடவா?" என்று ஒரு வாக்கியம் கூடும்.

அதனால்தான், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டபோது அவள் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள். நனைந்த குடையோடு மூன்றாம் வீட்டுப் பிச்சம்மாள் நின்றாள். ஐம்பது வயது, தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்பது தெர்மாமீட்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

"வாங்க சித்தி, வாங்க. உக்காருங்க."

பிச்சம்மாள் உட்காரவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், தராசைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு செயினை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"ரெண்டு பவுனு. மகளுக்கு நர்சிங் காலேஜ் பீசு கட்டணும். டவுன்ல வச்சா எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிரும். நீ எத்தன வட்டி வாங்குதே? தெருக்காரின்னு பாத்துச் சொல்லுட்டி."

ஆனந்தவள்ளிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது நிற்காமல் போனபோதுதான் பிச்சம்மாள் பயந்துபோய் உட்கார்ந்தாள்.

"சித்தி, இது பிள்ளைக்குச் சோறு நிறுக்குத தராசு."

சண்முகப்பிரியாவுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. புரதத்தில் இருக்கும் ஒரு சத்தை அவள் உடம்பால் செரிக்க முடியாது. அது ரத்தத்தில் தங்கித் தங்கி மூளையைக் கெடுக்கும். பால், பருப்பு, முட்டை, கறி கிடையாது. சோறுகூட கிராம் கணக்கு. மரச்சீனிக் கிழங்கும் ஜவ்வரிசியும் வயிற்றை நிரப்பும். வளர்வதற்கு அந்தச் சத்து இல்லாத டின் மாவு. வெளிநாட்டுச் சரக்கு, கூரியரில் மாதம் நாலு டின், செல்லச்சாமி சம்பளத்தில் பாதி. ஆனந்தவள்ளி டின்களைக் காட்டினாள். பிறகு தன் தாலிச்செயினை வைத்த பேங்க் சீட்டையும் காட்டினாள்.

பிச்சம்மாள் சீட்டை இரண்டு பக்கமும் பார்த்தாள். தராசையும் பார்த்தாள்.

"என்னட்டி, பதினாலுன்னு காட்டுது? பதினாறுல்லா இருக்கணும்."

"இருக்கதத்தான் காட்டுது சித்தி."

"சோறு நிறுக்குததுக்குப் பவுனப் பத்தி என்ன தெரியும்" என்று செயினை எடுத்து முடிந்துகொண்டாள்.

அவள் எழுந்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் ஆனந்தவள்ளி அதைக் கேட்டுவிட்டாள். பக்கத்துப் பள்ளிக்கூட ஆபீசில் ஒரு வேலை, ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. வருகிற சம்பளத்தில் இரண்டு டின் வாங்கலாம். திங்கட்கிழமை சேர வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை. கீழப்பாவூரில் மாமியார் உண்டு; "நான் பெத்த ஆறும் பருப்பு தின்னுதான் வளந்துச்சு" என்று சொல்லி ஊட்டிவிடக்கூடியவர்.

"நாலு மணி நேரம் சித்தி. டப்பால வச்சிட்டுப் போறதத் தவிர எதுவும் குடுக்கக் கூடாது. அம்புட்டுதான்."

"இது ஒரு பெரிய வேலையா! நாளைக்கே விட்டுட்டுப் போயிப் பாரேன்."

மறுநாள் சனிக்கிழமை. டப்பாவையும் பிள்ளையையும் பிச்சம்மாள் வீட்டில் விட்டுவிட்டு, ஆனந்தவள்ளி பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள். திரும்பும்போது குற்றாலத்திலிருந்து வந்த தள்ளுவண்டியில் மங்குஸ்தான் கால் கிலோ வாங்கினாள். மூன்று நாலு பழத்துக்கு அந்த விலையா என்று வேறு நாளாயிருந்தால் நகர்ந்திருப்பாள்.

பிச்சம்மாள் வாசலிலேயே நின்றாள். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் அரை இட்லி.

"மறைக்க மாட்டேன்ட்டி. சட்னிகூடத் தொடல. மிச்ச அரைய உனக்குக் காட்டணும்னே வச்சிருக்கேன்."

"சித்தி..."

"நான் திங்கையில பக்கத்துல வந்து நின்னுக்கிட்டுப் பாக்கா. வாயத் தொறந்து கேக்கல. பாக்கா. பிள்ள பாக்கையில நான் மட்டும் எப்பிடித் திங்க? அரை இட்லில என்ன வந்துரப் போவுது?"

ஒரு நாள் அரை இட்லியில் ஒன்றும் வந்துவிடாது என்பது ஆனந்தவள்ளிக்கும் தெரியும். ஆனால் பிச்சம்மாள் தினமும் சாப்பிடுவாள். பிள்ளை தினமும் பார்ப்பாள். ஆனந்தவள்ளி தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பின்னாலேயே பிச்சம்மாள் வந்து நிற்பதைக் கவனிக்காமல், பிள்ளை தின்றது எவ்வளவு என்று தெரிய மிச்ச அரையைத் தராசில் வைத்தாள். இருபத்தாறு கிராம். அதற்கு ஈடாக அன்றைய சோற்றில் நாற்பது கிராம் குறைத்தாள். திரும்பியபோது அடுப்படியில் யாரும் இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, வேலைக்குச் சேர முடியவில்லை என்றாள். செவ்வாய்க்கிழமை முகம்மது ரபீக் கடையில் ஜவ்வரிசிக்கு நின்றபோது, அரிசி மூட்டைக்கு அந்தப் பக்கம் மாடத்தியின் குரல் கேட்டது.

"பிச்சம்மாக்கா கண்ணு முன்னாலயே அரை இட்லியத் தூக்கித் தராசுல வச்சாளாம்! குடுத்தவ மொகத்துக்கு எப்பிடி இருக்கும்? இப்பிடி நிறுத்து நிறுத்துத் திங்கப் போயித்தான் துட்டு சேருது."

ரபீக் இருமினார். பேச்சு மழைக்குத் தாவியது.

வீட்டில் பிச்சம்மாளின் தட்டு இருந்தது. வந்த தட்டை அந்தத் தெருவில் வெறுமனே திருப்ப மாட்டார்கள். ஆனந்தவள்ளி அதைக் கழுவித் துடைத்து, ஒரு கை சீனி போட்டாள். அந்த வீட்டில் தராசில் வைக்காமல் அள்ளக்கூடியது சீனி ஒன்றுதான்.

மூன்றாம் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி ஓடியது. "சித்தி" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். டிவியின் சத்தம் கொஞ்சம் கூடியது. சாரலில் சீனி நனையத் தொடங்கவும், தட்டின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வாசல்படியில் நின்ற சண்முகப்பிரியா எட்டிப் பார்த்தாள்.

"நமக்கா குடுத்தாங்க, அம்மா?"

"ஆமாட்டி" என்றாள் ஆனந்தவள்ளி. "வா, உள்ள போயித் திங்கலாம்."