ஏழு சின்னமும் ஒரு வரியும்

காலை ஒன்பதிலிருந்து கிவெனோலா உறைகளின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பழைய பெயர் அச்சடித்த உறைகள் நாலாயிரம் மிச்சம் இருந்தன. ஒன்றியத்துக்கு இப்போது பெயர் மாறிவிட்டது. நாலு பல்கலைக்கழகம், இரண்டு பொறியியல் பள்ளி, ஒரு ஆய்வு நிலையம் என ஏழும் சேர்ந்து ஒன்றியம் ஆனபோது வைத்த பெயரில் 'கடற்கரை' என்ற சொல் இருந்தது. கடலோரம் இல்லாத இரண்டு நிறுவனத்து ஆட்கள், எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது கடல் என்று மூன்றரை வருடம் முனகியே அதை எடுக்க வைத்துவிட்டார்கள். எடுத்தது அவர்கள், ஒட்டுவது இவள்.

எதிர் மேசையில் தபால் பிரிவு ஃபாஞ்ச் உறைகளைப் பத்துப் பத்தாக அடுக்கித் தள்ளினார். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும் மனுஷன். வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

"கோணலா ஒட்டுறியேம்மா. ஏழு தலைவருங்களும் அளவுகோல் வெச்சுப் பாப்பாங்க."

"பாக்கட்டும். காபி அதிகமாயிடுச்சு."

"காபி எத்தனை ஆச்சு?"

"நாலு."

"ஊழியர் பிரிவுல பதினோரு மணிக்குத்தானே கூப்பிட்டிருக்கா? இப்ப பத்தே கால். உக்காந்து ஒட்டு."

அவளால் உட்கார முடியவில்லை. ஒரு கட்டு முடிந்ததும் ஜன்னல் வரை போய் மழையைப் பார்த்துவிட்டு வந்தாள். டிராம் ஒன்று போனது. அடுத்த கட்டை எடுத்தாள்.

அக்டோபர் முப்பத்தொன்றோடு அவளுக்கு ஆறு வருடம் முடிகிறது. இந்த நாட்டுச் சட்டப்படி, அரசு இடத்தில் ஒப்பந்த ஆளாக ஒரே முதலாளியிடம் ஆறு வருடம் ஓட்டிவிட்டால், அடுத்துத் தரும் ஒப்பந்தத் தாள் நிரந்தரத் தாளாகத்தான் இருக்க வேண்டும். இன்னும் பதினேழு நாள். இப்போது குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் விற்கப்போகிறார். புது வீடு பார்த்து வைத்தாயிற்று. மூன்றாம் மாடி, இரண்டு அறை, மகள் நோல்வென் பள்ளிக்கு நடந்தே போய்விடலாம். தரகு அலுவலகம் வெள்ளிக்கிழமை வரை அவளுக்காகப் பிடித்து வைத்திருக்கிறது. நிரந்தரத் தாளைக் காட்டாத ஆளுக்கு இந்த ஊரில் யாரும் சாவி தருவதில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே இரண்டாம் மாடிக்கு ஏறிவிட்டாள். ஊழியர் பிரிவின் மதாம் புவாசேல் ஜூன் மாதம்தான் வேறு ஊரிலிருந்து வந்தவள். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. உங்க வேலையைப் பத்தி எல்லாரும் நல்லவிதமாத்தான் சொல்றாங்க."

அந்தத் 'தான்' கிவெனோலாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஆறு வருஷம் முடியுதுங்க, மதாம்."

"ஒன்றியத்துல உங்களுக்கு மூணு வருஷம் எட்டு மாசம்."

"அதுக்கு முன்னாடி பல்கலைக்கழகத்துல ரெண்டு வருஷம் நாலு மாசம் இருக்கே. அதே மேசைங்க. முனைவர் பட்டத் தேர்வுக்கு நாள் குறிச்சு, வெளியூர் பேராசிரியருங்களுக்கு ரயில் சீட்டு எடுக்கிற அதே வேலை."

"அது வேற முதலாளி."

"கதவுல பலகைதான் மாறிச்சு. அதையும் நான்தான் மாட்டினேன்."

மதாம் புவாசேல் சிரிக்கவில்லை. கோப்பைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள்.

"மத்த ஒன்றியங்கள்ல ஒப்பந்தத்தோட கடைசியில ஒரு வரி வரும். 'முந்தைய நிறுவனத்தில் செய்த பணிக்காலம் சேர்த்துக் கணக்கிடப்படும்'னு. நம்ம மாதிரிப் படிவத்துலகூட இருக்கு. ஆனா கையெழுத்தான ஒப்பந்தத்துல இல்ல. உங்களோடதுல மட்டும் இல்ல, அன்னிக்கு இங்க மாறி வந்த நாப்பத்திரண்டு பேரோடதுலயும் இல்ல. எப்படி விட்டுப்போச்சுன்னு யாருக்கும் தெரியல."

கிவெனோலாவுக்குத் தெரியும்.

ஒன்றியம் தொடங்கிய வருடம் பிப்ரவரியில் அதன் அச்சுத் தாளின் தலைப்பில் யார் சின்னம் முதலில் வருவது என்று மூன்று வாரம் சண்டை நடந்தது. வயதுப்படி என்றது ஒன்று, மாணவர் எண்ணிக்கைப்படி என்றது இன்னொன்று. கடைசியில் அகர வரிசை என்று முடிவாகி, எல்லாச் சின்னமும் ஒரே உயரம் என்று தீர்மானம் போட்டார்கள். ஏழும் இரண்டு வரிசையாக உட்கார்ந்தபோது தாளில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அவள் தட்டச்சு செய்த ஒப்பந்தத்தின் கடைசி வரி மட்டும் இரண்டாம் பக்கத்தில் தனியாகப் போய் விழுந்தது. அப்போதைய இயக்குநர் முசியே கெர்த்ராவோன் கோட்டை மாட்டிக்கொண்டே, "ரெண்டு பக்கம்னா ஏழு பேரும் ரெண்டு தடவை ஒப்பமிடணும். ஒரு வரிக்காக இந்தப் பாடா? எடுத்துடு, அது எப்படியும் சட்டத்துல இருக்கு" என்றார். அவள் எடுத்தாள். நாற்பத்திரண்டு தாளிலும் எடுத்தாள். இருபத்தாறாவது தாள் அவளுடையது.

"எடுக்கச் சொன்னது முசியே கெர்த்ராவோன்" என்றாள்.

"எழுத்துல இருக்கா?"

"வாயாலதான் சொன்னாரு."

மதாம் புவாசேல் பேனாவை மூடினாள். "அவர் இப்ப தெற்கே ஒரு ஒன்றியத்துக்குத் தலைவரா போயிட்டாரு."

"சரி, அப்ப இன்னொரு ஒரு வருஷத் தாளாவது போடுங்க."

"போட்டா, ஆறு வருஷம் தாண்டிட்டேன்னு நீங்க வழக்குப் போடலாம்னு சட்டப் பிரிவு சொல்லுது."

"நான் போட மாட்டேங்க."

"நீங்க போட மாட்டீங்க, நம்புறேன். ஆனா போட முடியும்." அவள் குரல் தணிந்தது. "முப்பத்தொண்ணோட உங்க தாள் முடியுது. அந்த வேலைக்கு விளம்பரம் இன்னிக்கே போகுது. ஒரு வருஷ ஒப்பந்தம், மார்ச் பத்துலேருந்து. நாலு மாசத்துக்கு மேல இடைவெளி விட்டா பழைய கணக்கு அறுந்துடும், அதான். நீங்களும் தாராளமா விண்ணப்பிக்கலாம்."

"நவம்பர், டிசம்பர்லதானே தேர்வெல்லாம் குவியும். யார் பாப்பாங்க?"

"சமாளிச்சுக்குவோம். போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு குறிப்பா எழுதி வெச்சுடுங்க, உதவியா இருக்கும்."

படியிறங்கி வந்தாள். கீழே ஃபாஞ்ச் பாதி வாழைப்பழத்தோடு நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பழத்தைக் கீழே வைத்துவிட்டார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வரியைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

"நாப்பத்திரண்டு பேருங்க, ஃபாஞ்ச். ஆய்வுக்கூடத்துல பாட்டில் கழுவுற அந்த ரெண்டு பேர், நூலகத்து அஸிலிஸ். என் கையாலதான் எல்லார் வாயிலயும் மண்ணைப் போட்டிருக்கேன்."

"நீ அழிச்சது ஒரு வரி. அழிக்கச் சொன்னவன் ஒரு படி ஏறிப் போயிட்டான். நீ எதுக்கு அழுற?"

"எல்லார்கிட்டயும் நான்தான் சொல்லணும்."

"சொல்லுவோம். நானும் வரேன். தொழிற்சங்கத்துலயும் பேசுவோம்." அவர் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா அந்த விளம்பரத்துக்கு மட்டும் விண்ணப்பிச்சுடாதே. மானம் மரியாதை இல்லையா நமக்கு?"

"மானத்தைக் காட்டினா யாரு வீடு குடுப்பாங்க?"

ஃபாஞ்ச் மறுபடி உறைகளை அடுக்கத் தொடங்கினார்.

இரண்டு மணிக்குத் தரகு அலுவலகத்துப் பெண் அழைத்தாள். "தாள் கைக்கு வந்துடுச்சா? அவசரப்படுத்துறேன்னு நினைக்காதீங்க. இன்னொரு ஜோடி கேக்கறாங்க, ரெண்டு பேரும் நிரந்தரம்."

கிவெனோலா ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். மகளிடம் எந்த அறை யாருக்கு என்றுகூடப் பேசி முடித்திருந்தாள்.

"அவங்களுக்கே குடுத்துடுங்க" என்றாள்.

நாலு மணிக்கு விளம்பரம் அவளுக்கே வந்தது. ஒன்றியத்தின் எல்லா விளம்பரங்களையும் இணையத்தில் ஏற்றுவது அவள் வேலை. ஒரு இடத்தில் எழுத்து விட்டுப்போயிருந்தது, திருத்தினாள். ஏற்றினாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் மேசையில் அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்து, விண்ணப்பப் படிவத்தைத் திறந்தாள்.

பெயர் கேட்டது, கொடுத்தாள். பிறந்த தேதி கேட்டது. அடுத்த கட்டத்துக்கு மேலே சிவப்பில் எழுதியிருந்தது: 'இதே பணியில் குறைந்தது ஆறு ஆண்டு அனுபவம் கட்டாயம். எந்த நிறுவனத்தில் பணியாற்றியிருந்தாலும் சேர்த்துக் கணக்கிடப்படும்.'

அவள் ஆறு என்று அடித்தாள். கட்டம் பச்சையானது. 'தகுதி பூர்த்தியாகிறது' என்று வந்தது.