அரைஞாண் கயிறு

ஆடிப்பெருக்கன்று புருசன் சேதுபதிக்குப் புது அரைஞாண் கயிறு கட்டிவிட்டு, பங்குனியில் அறுத்தெடுத்து வைத்திருந்த பழைய கயிற்றை அவன் வயிற்றோடு வைத்துப் பார்த்தாள் ஜக்கம்மாள். நாலு விரற்கடை எட்டவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"இறுக்காதடி, மூச்சு முட்டுது."

"டாக்டரு நல்லாத் திங்கச் சொன்னாருல்ல? தேறி வாரீக."

டாக்டர் சொன்னது வேறு. பங்குனியில் கிணற்றில் கமலை இறைக்கையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான் என்று திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போயிருந்தாள். அவன் பீடி குடிக்க வெளியே போனதும் டாக்டர் அவளிடம் சொன்னார்: "கை காலு குச்சியா இருக்கு, சதை பூராவும் வயித்தச் சுத்தி ஏறியிருக்கு. இந்த மாதிரி ஆளுகளுக்குத்தான் நெஞ்சு சட்டுனு நின்னுபோகுது. அரைஞாண் கயித்தப் பாத்துக்கம்மா. இறுகுனா ஆபத்து, தளந்தா பொழச்சாரு. நெய்யி, கொழுப்பக் கொற. சமைக்கிறவ நீ, ஒங் கையிலதான் இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

நாலு வருசம் முன்னால், பஸ் வராத அந்த ஊரில், மகள் ராமுத்தாய் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது வண்டியைப் பூட்டச் சொல்லி இவன் காலில் விழுந்தாள். "காச்சதான, கசாயத்தக் குடு. வண்டி அய்யலூர் சந்தைக்குப் போகணும்" என்று ஆடுகளை ஏற்றிக்கொண்டு போனான். பொழுது சாயத் திரும்பியபோது பிள்ளையை வாசலில் கிடத்தியிருந்தார்கள். அதற்கப்புறம் அவன் அந்தப் பேரையே எடுத்ததில்லை. அன்றைக்கு வீட்டில் அரிவாள் இருந்தது, அவளுக்குத் துணிச்சல்தான் இல்லை. இப்போது அரிவாள் எதற்கு, நெய்க்கரண்டி போதும்.

கறி எடுத்தால் கொழுப்பாகக் கேட்டு வாங்கினாள். அவன் போதும் என்ற பிறகும் ஒரு கரண்டி நெய் விழுந்தது. புருசனுக்குத் தொந்தி விழுந்தால் அந்த ஊரில் பொண்டாட்டிக்குத்தான் பேர். "மொதலாளி கணக்கா ஆக்கிட்டியேடி! ஒன்னயக் கட்டுனவன் குடுத்து வச்சவன்" என்று பக்கத்து வீட்டுக் காளியம்மாள் திருஷ்டி கழித்துவிட்டுப் போனாள். ஜக்கம்மாள் வெட்கப்படுவதுபோலச் சிரித்துக்கொண்டாள்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, காட்டிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவன் வாசலிலேயே சரிந்தான். வேர்வை ஆறாக ஓடியது.

"வண்டியப் பூட்டு, ஜக்கு. டாக்டர்ட்டப் போகணும்."

"வண்டி அய்யலூர் சந்தைக்குப் போகணும்."

நாலு வருசம் காத்திருந்து சொன்னாள். அவன் அவளையே பார்த்தான். கண்ணில் நீர் முட்டியது.

"ராமுத்தாயி..." என்றான்.

அந்தப் பேரை அவன் வாயால் கேட்டதும் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. கூடவே அழுகையும் வந்தது, அது அவள் எதிர்பாராதது. குனிந்து அரைஞாண் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு சதைக்குள் புதைந்திருந்தது. அரிவாளை எடுத்துவந்து அறுத்தாள். இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம்.

எழுந்து தொழுவத்துக்குப் போனாள். மாட்டை நுகத்தில் பூட்டும் பூட்டாங்கயிறு கையில் இருந்தது. கட்டவும் இல்லை, கீழே போடவும் இல்லை. வாசலில் முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. சந்தைக் கிழமை பழகிய மயிலைக் காளை தானாகவே வந்து, நுகத்தடிக்கு அடியில் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றது.